நியூ ஆர்லியன்ஸ்ல நிஜமான கேஜன் கம்போ எங்க சாப்பிடலாம்? ஹூஸ்டன்ல இருந்து கார்ல போறோம்

ஹூஸ்டன்_மாப்ள:

மக்களே வணக்கம். நவம்பர்ல, தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின வாரம் நாங்க நாலு பேரு (நான், வீட்டம்மா, ஊர்ல இருந்து வந்திருக்கிற அம்மா அப்பா) கார்லயே நியூ ஆர்லியன்ஸ் போலாம்னு இருக்கோம், மூணு நாள். சுத்திப் பாக்குறதுக்கெல்லாம் லிஸ்ட் இருக்கு, அது வேணாம். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், பழைய முறையில செஞ்ச நல்ல கேஜன் கம்போ எங்க கிடைக்கும்? (கம்போன்னா நியூ ஆர்லியன்ஸ் இருக்கிற லூசியானா மாநிலத்துல சோத்தோட சாப்பிடுற ஒரு குழம்பு.)

ஏன் இவ்ளோ அழுத்திக் கேக்குறேன்னா போன வருஷம் ஆபீஸ் வேலையா அங்க போனப்ப சாயங்காலம் பூர்பன் ஸ்ட்ரீட்ல நடந்துட்டு இருந்தேன், ஒரு கடை வாசல்ல நின்னு ஒருத்தர் வாங்க வாங்கன்னு கூப்பிட்டார், நானும் பேக்கு மாதிரி உள்ள போய் போர்டுல போட்டிருந்த "கேஜன் கம்போ"வ ஆர்டர் பண்ணேன். வந்தது தக்காளி ரசத்துல நாலு எறாவ தூக்கிப் போட்ட மாதிரி ஒரு ஐட்டம். ஓரத்துல நாக்கு பொசுங்குது, நடுவுல ஸ்பூன விட்டா ஜில்லுன்னு இருக்கு. மைக்ரோவேவ்ல இருந்து நேரா டேபிளுக்கு வந்திருக்கு. அதுக்கு டிப்ஸ் வேற வச்சிட்டு வந்தேன். மறுநாள் லூசியானாக்கார கொலீக் ஒருத்தன்கிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கிறான், "தக்காளியா? எங்க பாட்டி கேட்டா அழுதுடும்"ங்குறான்.

ஒரு கண்டிஷன் இருக்கு. மாடு, பன்னி ரெண்டும் வீட்ல யாரும் தொட மாட்டோம். கோழி, மீன், எறா, நண்டு எல்லாம் ஓகே. அப்பாவுக்கு 71, ரொம்ப நேரம் க்யூல நிக்க முடியாது. அப்புறம் கம்போன்னா வெண்டைக்காய் கண்டிப்பா இருக்குமா? அம்மாவுக்கு வழவழன்னு இருந்தா ஆகாது.

பயூ_பாண்டியன்:

தம்பி, நீங்க கேக்குற கேள்வியிலயே ஒரு வேடிக்கை இருக்கு. ஹூஸ்டன்ல இருந்து ஐ-10 ஹைவே புடிச்சா நியூ ஆர்லியன்ஸ் சுமார் 350 மைல். அதுல 215 மைல் வந்ததுமே லாஃபயெட் வந்துடும். கேஜன் ஜனங்களோட ஊரு அதுதான், அதையும் அதச் சுத்தி இருக்கிற சின்னச் சின்ன ஊருங்களும்தான். அத அப்படியே தாண்டி இன்னும் 135 மைல் போயிட்டு கேஜன் கம்போ எங்கன்னு கேக்கப் போறீங்க. வெண்ணெய கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையற கதைதான்.

நான் லாஃபயெட்ல ஒம்போது வருஷமா இருக்கேன், அதனால கொஞ்சம் ஊர்ப்பாசம் இருக்கும், பொறுத்துக்குங்க. கேஜன்ங்கிறது யாருன்னா, கனடாவுல இப்ப நோவா ஸ்கோஷியான்னு சொல்ற பக்கத்துல இருந்த பிரெஞ்சுக்காரங்க. அந்த இடத்துக்கு அப்ப அகாடியான்னு பேரு. 1755ல பிரிட்டிஷ்காரன் அவங்கள ஊரை விட்டே தொரத்தினான், திசைக்கு ஒண்ணா செதறிப் போனாங்க, 1760கள்ல ஒரு பகுதி ஆளுங்க லூசியானாவுக்கு வந்து சேந்தாங்க. அகாடியன்ங்கிற வார்த்தை தேஞ்சு தேஞ்சுதான் கேஜன் ஆச்சு. இவங்க குடியேறினது நியூ ஆர்லியன்ஸ் சிட்டியில இல்ல, மேற்க சதுப்பு நிலம், ஆத்தோரம், புல்வெளி இந்தப் பக்கம். சிட்டியில இருந்த சமையலுக்கு க்ரியோல்னு பேரு. அதுல பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆப்பிரிக்கா எல்லாம் கலந்திருக்கும், கைக்குக் கிடைக்கிற சாமானும் ஜாஸ்தி, அதனால அங்க சில வீட்ல கம்போவுக்கு தக்காளி போடுவாங்க, அது தப்பு இல்ல, அவங்க முறை அது. ஆனா அதுக்கு கேஜன்னு போர்டு போட்டு, அதையும் மைக்ரோவேவ்ல வச்சுக் குடுத்தா உங்க கொலீக்கோட பாட்டி அழத்தான் செய்யும்.

இங்க வீட்ல செய்யிற கம்போ எப்படி இருக்கும்னா கருஞ்சிவப்பா, கிட்டத்தட்ட டார்க் சாக்லேட் கலர்ல இருக்கும், தக்காளி கிடையவே கிடையாது, கோழியும் புகையில போட்ட சாசேஜும் இருக்கும், நடுவுல ஒரு கரண்டி வெள்ளை சோறு. கலரைப் பாத்துட்டு கெட்டியா இருக்கும்னு நெனைக்காதீங்க, தண்ணியாத்தான் இருக்கும். மாவு கறுக்கக் கறுக்க குழம்பை கெட்டியாக்குற சக்தி அதுக்குக் குறைஞ்சுடும், ருசிதான் ஏறும். மொத தடவை பாக்குறவங்க நெறைய பேரு "என்னங்க தண்ணி ஊத்திட்டாங்களா"ன்னு கேப்பாங்க.

உங்க வழியில ப்ரிஜான்ஸ் இருக்கு, ஐ-49 பக்கம், 1980ல ஆரம்பிச்சது. பெரிய இடம், அப்பாவ சவுகரியமா உக்கார வைக்கலாம். டவுன்டவுன்ல ஜெஃபர்சன் ஸ்ட்ரீட்ல டுவையர்ஸ் கஃபேன்னு ஒண்ணு, 1965ல இருந்து நடக்குது, நம்ம ஊரு மீல்ஸ் மாதிரி மத்தியானத்துக்கு ப்ளேட் லஞ்ச் போடுவாங்க, அது காலை, மத்தியானம் மட்டும்தான், சாயங்காலம் போய் நிக்காதீங்க. லாஃபயெட்டுக்கு கொஞ்சம் முன்னாடி எக்ஸிட் 97ல ஸ்காட்னு ஒரு ஊரு வரும், பூடான் சாசேஜுக்குப் பேர் போனது, நீங்க பன்னி சாப்பிட மாட்டீங்கன்னா அந்த எக்ஸிட்டை கண்ண மூடிட்டு தாண்டிடுங்க (டிரைவர் மட்டும் மூட வேணாம்).

லாஃபயெட் தாண்டினதும் அச்சஃபலாயா பாலம் வரும், 18 மைல், ரெண்டு பக்கமும் தண்ணியும் சைப்ரஸ் மரமும்தான். ஸ்பீட் லிமிட் 60. பாலம் காலியா இருக்கேன்னு அழுத்தாதீங்க.

மிட்சிட்டி_மலர்:

பாண்டியன் அண்ணா சொன்ன வரலாறு சரிதான், ஆனா நியூ ஆர்லியன்ஸ்ல கேஜன் கம்போவே இல்லாத மாதிரி சொல்றத ஒத்துக்க முடியாது :) நான் மிட் சிட்டியில ஆறு வருஷமா இருக்கேன்.

இந்த குழப்பம் எப்படி வந்துச்சுன்னா, பால் ப்ருடோம்னு ஒரு செஃப், லாஃபயெட்டுக்கு வடக்க ஓபலூசஸ்காரர், 1979ல நியூ ஆர்லியன்ஸோட பழைய பகுதியான ஃப்ரெஞ்ச் குவார்ட்டர்ல கே-பால்ஸ்னு கடை போட்டார். அவரோட ப்ளாக்கன்ட் ரெட்ஃபிஷ் (மசாலா தடவி கறுக்க வறுத்த மீன்) அமெரிக்கா பூரா பிச்சிக்கிட்டுப் போச்சு, அப்புறம்தான் வெளியூர்க்காரங்க மனசுல நியூ ஆர்லியன்ஸ்னா கேஜன்னு ஒட்டிக்கிச்சு. அவர் 2015ல இறந்துட்டார், கடையும் 2020ல மூடிட்டாங்க. பழைய ப்ளாக் எதையாவது படிச்சிட்டு கே-பால்ஸை தேடிட்டுப் போயிடாதீங்க.

இப்ப சிட்டிக்குள்ள கேஜன் கை வேணும்னா கோஷான் இருக்கு, டோனல்ட் லிங்க்கோட கடை, 2006ல தொறந்தது. ஆனா கோஷான்னாலே பிரெஞ்சுல பன்னின்னுதான் அர்த்தம், மெனுவும் அப்படியேதான், உங்களுக்கு ஆகாது. டூப்ஸ் மீட்டரின்னு எங்க ஏரியாவுலயே நார்த் கேரல்டன்ல ஒண்ணு இருக்கு, அந்த செஃப் ரெயின்ங்கிற கேஜன் ஊர்க்காரர், பேருக்கேத்த மாதிரி கறிக்கடைதான், ஆனா அந்தப் பக்கத்து சமையல சிட்டியில சாப்பிடணும்னா நல்ல இடம். குவார்ட்டருக்குள்ளயே வேணும்னா ராயல் ஸ்ட்ரீட் முனையில மிஸ்டர் பீஸ் பிஸ்ட்ரோ, அங்க கம்போ யா-யான்னு ஒண்ணு, கோழியும் ஆன்டூயி சாசேஜும் போட்டு நல்லா கறுத்த கலர்ல இருக்கும், அந்த அண்ணன் சொன்ன சாக்லேட் கலர் அங்கயும் கிடைக்கும். ஆனா மறந்துடாதீங்க, ஆன்டூயின்னா பன்னிக்கறி சாசேஜ். அத மட்டும் பொறுக்கி ஓரம் வச்சிட்டு சாப்பிடலாம்னு நெனைச்சா அது ஏற்கனவே குழம்புல கொதிச்சு எறங்கியிருக்கும், அப்புறம் உங்க இஷ்டம்.

அதனால உங்க வீட்டுக்கு நான் சொல்றது என்னன்னா, இங்க வந்துட்டு கேஜனைத் தேடாதீங்க, க்ரியோல் கம்போவ அதுக்குண்டான மரியாதையோட சாப்பிடுங்க. ஜாக்சன் ஸ்கொயர்ல இருந்து ரெண்டு எட்டு வச்சா செயின்ட் பீட்டர் ஸ்ட்ரீட்ல கம்போ ஷாப். டூரிஸ்ட் கூட்டம்தான், ஆனா டூரிஸ்ட் வர்ற எல்லா இடமும் மோசம்னு இல்ல. அங்க எறா நண்டு வெண்டைக்காய் போட்ட கம்போ தனி, கோழி சாசேஜ் கம்போ தனி. கப், பௌல்னு ரெண்டு சைஸ், மொதல்ல கப் வாங்கிப் பாருங்க. ஆர்டர் பண்றப்ப ஸ்டாக்ல (குழம்புக்கு ஊத்துற சாறுல) ஹாம், அதாவது பன்னிக்கறி, ஏதாவது போட்டிருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க, இந்த ஊர்ல கீரைக்கு கூட ஹாம் போடுவாங்க, நான் வெளையாட்டுக்கு சொல்லல.

இன்னொரு இடம் ஃபேர் கிரவுண்ட்ஸ் குதிரை ரேஸ் மைதானத்துக்குப் பக்கத்துல, லியூசாஸ் பை தி ட்ராக். தெருமுனை பார் மாதிரி இருக்கும், பாத்துட்டு அம்மா முகம் சுளிப்பாங்க. அங்க நான் கவனிச்சது, எறாவும் சிப்பியும் பானையில கெடந்து ரப்பர் ஆகாது, ஆர்டர் பண்ணப்புறம்தான் சேக்குறாங்க.

டூக்கி சேஸ் பத்தி சொல்லாம போனா எனக்கு தூக்கம் வராது. ட்ரெமே ஏரியாவுல ஆர்லியன்ஸ் அவென்யூ, 1941ல ஆரம்பிச்சது. கறுப்பரும் வெள்ளையரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறதே சட்டப்படி குத்தமா இருந்த காலத்துல, அந்த மாடி ரூம்லதான் சிவில் ரைட்ஸ் ஆளுங்க கூடிப் பேசுவாங்க, லியா சேஸ் அம்மா அவங்களுக்கு கம்போ ஊத்திக் குடுப்பாங்க. அவங்க 2019ல 96 வயசுல காலமானாங்க, குடும்பம் இப்பவும் நடத்துது. ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை மட்டும் கம்போ ஸெர்ப்னு ஒண்ணு போடுவாங்க, பல வகைக் கீரை போட்டது. எத்தனை கீரையோ அந்த வருஷம் அத்தனை புது சிநேகிதம்னு ஒரு நம்பிக்கை. கீரைன்னதும் சைவம்னு நெனைச்சிடாதீங்க, அதுலயும் கறி இருக்கு. அங்க நேரம் மட்டும் செக் பண்ணிட்டுப் போங்க, எல்லா நாளும் எல்லா நேரமும் தொறந்திருக்காது.

இரும்புச்சட்டி:

வெண்டைக்காய் கேள்விக்கு யாருமே பதில் சொல்லலையே.

கம்போங்கிற வார்த்தையே வெண்டைக்காய்தான். ஆப்பிரிக்காவுல அங்கோலா பக்கத்து பாஷையில வெண்டைக்காய்க்கு கி-ங்கோம்போன்னு பேரு, அடிமைகளா கொண்டு வந்த ஜனங்களோட அந்த காயும் பேரும் வந்துச்சுன்னு பெரும்பாலும் சொல்வாங்க. ஆனா இப்ப எல்லா கம்போவுலயும் வெண்டைக்காய் கிடையாது. குழம்பு கூடி வர்றதுக்கு மூணு வழி இருக்கு. வெண்டைக்காய் ஒண்ணு, ரூ ஒண்ணு (ரூபாய் இல்லப்பா, எண்ணெய்யில மாவு வறுக்குறதுக்கு பிரெஞ்சுல அப்படி பேரு), மூணாவது ஃபீலே. ஃபீலேங்கிறது சசஃப்ராஸ் மரத்து எலையை காய வச்சு அரைச்ச பொடி, சாக்டா பழங்குடி ஜனங்க குடுத்தது. அம்மாவுக்கு வழவழப்பு ஆகாதுன்னா வெண்டைக்காய் இல்லாத கோழி கம்போ கேளுங்க. ஆனா நல்லா வதக்கி ரெண்டு மணி நேரம் கொதிச்ச வெண்டைக்காய்ல நூல் விடாது, கரைஞ்சே போயிருக்கும், நான் சொன்னேன்னு சொல்லாம குடுத்துப் பாருங்க.

பன்னி வேணாம்னா இன்னொரு வழி இருக்கு, வீட்லயே செய்யிறது. நான் டாலஸ்ல அதத்தான் செய்யிறேன், டர்க்கி (வான்கோழி) சாசேஜ் போட்டு. தேங்க்ஸ்கிவிங் முடிஞ்ச மறுநாள் லூசியானாக்காரங்களே மீந்த டர்க்கி எலும்பை வேக வச்சு கம்போ பண்ணுவாங்க, அதனால கூச்சமே வேணாம்.

கஷ்டம் முழுக்க ரூவுலதான். எண்ணெய் ஒரு கப், மைதா ஒரு கப், கனமான இரும்புச்சட்டி, மிதமான தீ, கையில கட்டையான மரக்கரண்டி. முப்பது நாப்பது நிமிஷம் நகரக் கூடாது, போன் வந்தாலும் சரி பெல் அடிச்சாலும் சரி. மொதல்ல பச்சை மாவு வாசம் வரும், அப்புறம் வேர்க்கடலை வறுக்குற வாசம், அப்புறம் காப்பிக்கொட்டை வாசம். கலரும் அதே மாதிரி வெண்ணெய், வேர்க்கடலை, செப்புக்காசு, கடைசியா சாக்லேட். சாக்லேட்டுக்கும் கரிக்கும் நடுவுல அரை நிமிஷம்தான் இருக்கு. என் மொத ரூ நல்லா வந்துட்டு இருக்கும்போது ஆமஸான்காரன் பெல் அடிச்சான், போயிட்டு வந்தேன், மேல மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி. தெரிஞ்ச லூசியானா பாட்டி ஒருத்தங்க போன்லயே சொல்லிட்டாங்க, புள்ளி வந்துச்சுன்னா கொட்டிடு, வேற வைத்தியமே இல்லன்னு. ரெண்டாவதையும் கொட்டினேன். மூணாவதுல நல்லா வந்துச்சு, ஆனா கை மேல ஒரு சொட்டு தெறிச்சு அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. மாவு ஒட்டிக்கிட்டே சுடும், அதனாலதான் அத கேஜன் நேபாம்னு (நேபாம்னா ஒட்டிக்கிட்டு எரியிற குண்டு) சொல்றாங்க.

கலர் வந்த அந்த நொடி வெங்காயம், செலரி, கொடமொளகா மூணையும் மொத்தமா கொட்டணும். சுர்ர்ர்னு ஒரு சத்தம், அதோட வறுபடுறது நிக்கும். அப்ப வர்ற வாசத்துக்கு பக்கத்து அபார்ட்மெண்ட்காரன் கதவைத் தட்டியிருக்கான்.

ஃபீலே பொடிய அடுப்பை அணைச்சப்புறம்தான் போடணும், இல்லன்னா சாப்பிடுறவங்களே தட்டுல தூவிக்கணும். கொதிக்கிற குழம்புல போட்டா நூல் நூலா இழுக்கும், அம்மா பயப்படுற வழவழப்பு அதுதான்.

சும்மா_பாக்க_வந்தேன்:

லாஃபயெட் பக்கம் கம்போவோட உருளைக்கிழங்கு சாலட் குடுப்பாங்க, சோத்துக்கு பதிலா அத குழம்புக்குள்ளயே போட்டு சாப்பிடுறவங்களையும் பாத்திருக்கேன். மொத தடவை பாக்குறப்ப அய்யோன்னு இருந்துச்சு. இப்ப வீட்ல புளிக்குழம்புக்கு கூட உருளைக்கிழங்கு சாலட் கேக்குறேன், பொண்டாட்டி பேச மாட்டேங்குறா.

பயூ_பாண்டியன்:

மலர், டூக்கி சேஸ் பத்தி எனக்கும் மாத்துக் கருத்து இல்லம்மா, அது கோயில். நான் சொன்னது பேரைப் பத்தி மட்டும்தான்.

அப்புறம் தம்பி, நவம்பர்னு சொன்னீங்க பாருங்க, அது ரொம்ப சரியான நேரம். அக்டோபர்ல மொத குளிர்காத்து அடிச்ச அன்னைக்கே இங்க எல்லா வீட்லயும் பானை ஏறிடும், அதுக்கு "கம்போ வெதர்"னே பேரு. வெளிய 55 டிகிரி ஃபாரன்ஹீட் வந்தா போதும், ஆபீஸ்ல எவனும் வேற பேச்சு பேச மாட்டான். ஏப்ரல்ல வந்து கேட்டீங்கன்னா "இப்ப க்ராஃபிஷ் (எறா மாதிரி ஒரு நன்னீர் ஐட்டம்) சீசன்ங்க"ன்னு பதில் வரும். ஈஸ்டர் நோன்பு ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள் வர்ற மார்டி க்ரா திருவிழாவுக்கு மாமூ, சர்ச் பாயின்ட் மாதிரி ஊருங்கள்ல முகமூடி போட்டுக்கிட்டு குதிரையில வீடு வீடாப் போய் கம்போவுக்கு சாமான் கேப்பாங்க. அரிசி, வெங்காயம், சாசேஜ், கடைசியா உயிரோட ஒரு கோழி. கோழிய சும்மா கையில குடுக்க மாட்டாங்க, வீட்டுக்காரர் வயல்ல பறக்க விடுவார், அத்தனை பேரும் சேத்துல விழுந்து புரண்டு பிடிக்கணும். ராத்திரி ஊருக்கே அந்த கம்போதான். ஒரு வருஷம் நானும் ஓடினேன், கோழி கிடைக்கல, ஒரு ஷூ போச்சு.

ஹூஸ்டன்_மாப்ள:

போயிட்டு வந்தாச்சு மக்களே, லேட்டா எழுதுறேன் மன்னிக்கவும்.

பாண்டியன் அண்ணன் பேச்சக் கேட்டு லாஃபயெட்ல மத்தியான சாப்பாட்டுக்கு எறங்கினோம். ஆர்டர் எடுக்க வந்த அம்மாகிட்ட பன்னி, மாடு ரெண்டும் ஆகாதுன்னு சொன்னதும் அவங்களே உள்ள போய் கேட்டுட்டு வந்து "எறா கம்போ சாப்பிடுங்க கண்ணு, கோழியில சாசேஜ் இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. அதனால ஹூஸ்டன்ல இருந்து கனவு கண்டுட்டு வந்த கோழி கம்போ எனக்கு இல்ல. ஆனா வந்த குழம்பு நல்லா கறுத்த கலர், ஒரு துளி தக்காளி இல்ல. அப்பா மொதல்ல கப்பைப் பாத்துட்டு "என்னடா கரிசட்டி கழுவின தண்ணி மாதிரி இருக்கு"ன்னார். ரெண்டு வாய்க்கு அப்புறம் பேச்சே இல்ல, சோறு பத்தலன்னு இன்னொரு கரண்டி கேட்டார். உருளைக்கிழங்கு சாலட்டையும் உள்ள போட்டுப் பாத்தோம், வீட்டம்மாவுக்கு பிடிச்சுது, எனக்கு இல்ல.

நியூ ஆர்லியன்ஸ்ல டூக்கி சேஸுக்கு நாங்க போன நேரம் தொறக்கல. மலர் அவ்ளோ சொல்லியும் செக் பண்ணாம போனது என் தப்பு, வீட்ல இன்னும் அதுக்கு பாட்டு கேட்டுட்டு இருக்கேன். கம்போ ஷாப்ல கேட்டுக் கேட்டு வெண்டைக்காய் போட்டத வாங்கினோம். அம்மாவுக்கு வெண்டைக்காய்னு சொல்லவே இல்ல. பாதி கப் முடிச்சிட்டு ஸ்பூன்ல ஒரு வெதைய எடுத்து வெளிச்சத்துல காட்டி "இது வெண்டைக்கா வெதை தானேடா"ன்னு கேட்டாங்க. மாட்டிக்கிட்டேன். ஆனா மிச்சத்தையும் முடிச்சிட்டாங்க.

கடைசி நாள் ஃப்ரெஞ்ச் மார்க்கெட் பக்கம் ஃபீலே பொடி ஒரு சின்ன பாட்டில் வாங்கினோம், அம்மா மூடிய தொறந்து மோந்துட்டு "நாட்டு மருந்துக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு"ன்னு பையில போட்டுக்கிட்டாங்க, அது இப்ப ஊருக்குப் போயிடும். அதனால இரும்புச்சட்டிக்கு ஒரு கேள்வி, இங்க ஹூஸ்டன்ல ஃபீலே எங்க கிடைக்கும்? அப்புறம் மொத ரூவ நேத்து போட்டேன். புள்ளி வந்துடுச்சு.

இரும்புச்சட்டி:

ஹெச்இபி சூப்பர்மார்க்கெட்ல மசாலா ஷெல்ஃப்ல பாருங்க, ஸாட்டரெய்ன்ஸ் பாட்டில் இருக்கும், மேல "கம்போ ஃபீலே"ன்னு போட்டிருக்கும்.

புள்ளி வந்தத கொட்டிட்டீங்க தானே?

ஹூஸ்டன்_மாப்ள:

இல்ல, வடிகட்டிப் பாத்தேன்.

இரும்புச்சட்டி:

அய்யோ.